ரெண்டே பல்லு, மூணு வயசு ஆயுசு: லிஸ்ட்ரோசாரஸ் தப்பிச்ச கதை

டைனோசர் அழிஞ்ச கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அதவிட பெரிய அழிவு ஒண்ணு டைனோசரே பொறக்காத காலத்துல நடந்துருக்கு. சுமார் 25 கோடி வருஷம் முன்னாடி, இப்ப சைபீரியா இருக்கற இடத்துல எரிமலைக்குழம்பு லட்சக்கணக்கான வருஷம் விட்டு விட்டு வழிஞ்சிட்டே இருந்துச்சு, பூமிக்கு அடியில கிடந்த நிலக்கரியும் சேந்து வெந்து கார்பன் டை ஆக்சைடு ஏகத்துக்கும் ஏறி, பூமி சூடாகி, கடல்ல ஆக்சிஜன் கொறஞ்சு, கடல் உயிரின வகைகள்ல பத்துக்கு எட்டு, ஒம்போது காலி. நிலத்துலயும் பெரும்பாலானது போச்சு.

தப்பிச்சதுல ஒண்ணுதான் லிஸ்ட்ரோசாரஸ். பேர பாத்து டைனோசர்னு நெனச்சிடாதீங்க, இது நம்ம பாலூட்டி வம்சத்துக்கு தூரத்து சொந்தம். பன்னி சைஸ், ஆமைக்கு இருக்கற மாதிரி அலகு, வாயில ரெண்டு தந்தம், அத தவிர பல்லே கிடையாது. இல தழை தின்னும், முன்னங்கால் பலமா இருந்ததால நல்லா குழி தோண்டும். வெளிய வெயில் கொளுத்தும்போது வளைக்குள்ள போய் படுத்துக்கறது சின்ன விஷயம் இல்ல!

அந்த தந்தம்தான் சுவாரசியம். அது சாகற வரைக்கும் வளரும், அதனால குறுக்க மெல்லிசா வெட்டி மைக்ராஸ்கோப்ல வச்சா மரத்த அறுத்த மாதிரி வளையம் வளையமா தெரியும். 2020ல மேகன் விட்னி, கிறிஸ்டியன் சிடோர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அண்டார்டிகாவுல கிடைச்ச 6 தந்தத்தயும் தென்னாப்பிரிக்காவுல கிடைச்ச 4 தந்தத்தயும் ஒப்பிட்டு பாத்தாங்க. அண்டார்டிகா தந்தத்துல மட்டும் சில எடத்துல வளையம் தடிச்சு, நெருக்கமா இருந்துச்சு, அதாவது அந்த நேரத்துல வளர்ச்சி மந்தமாயிருக்கு. அப்ப அங்க பனிக்கட்டி இல்ல, ஆனா துருவம் பக்கம்ங்கறதால மாசக்கணக்குல சூரியன் வராது, சாப்பாடும் கம்மி. அந்த நேரத்துல உடம்ப மெதுவா ஓட்டி, கிட்டத்தட்ட தூக்கத்துல கெடந்து சமாளிச்சிருக்கும்னு சொல்றாங்க.

இதெல்லாம் கேட்டா செம கில்லாடி பிராணினு தோணும், ஆனா எலும்ப வெட்டி பாத்தா கதை வேற. அழிவுக்கு முன்னாடி வாழ்ந்ததுங்க 13, 14 வருஷம் இருந்துருக்கு, உருவமும் பெருசு. அழிவுக்கு அப்புறம் கிடைக்கறது எல்லாம் சின்னது, ரெண்டு மூணு வயசுலயே செத்தது. அப்படியும் வம்சம் அழியலன்னா, அந்த கொஞ்ச நாளுக்குள்ளயே குட்டி போட்டோ முட்டை விட்டோ முடிச்சிருக்கணும். தாக்குப்பிடிச்சது இனம்தான், தனித்தனியா ஒவ்வொண்ணும் இல்ல. இத மோட்டிவேஷன் ஸ்பீச்சுக்கு எடுத்துட்டு போறவங்க இந்த பகுதிய மட்டும் நைசா விட்டுடுவாங்க.

போட்டிக்கும் ஆள் இல்ல, பெரிய எதிரிங்களும் போயாச்சு, அதனால இது பெருகி பரவிடுச்சு. தென்னாப்பிரிக்காவோட கரூ பகுதியில சில பாறை அடுக்குல கிடைக்கற எலும்புல பெரும்பகுதி இதோடதுதான். இந்தியாவுல தாமோதர் பள்ளத்தாக்கு, சீனா, ரஷ்யா, அண்டார்டிகானு எல்லா பக்கமும் இருக்கு. கடல் தாண்டி நீந்தி போகல, அப்ப நிலமெல்லாம் ஒட்டி ஒரே கண்டமா இருந்துச்சு, நடந்தே போயிருக்கு.

அதே கரூவுல குட்டிங்களா கூட்டமா செத்து கிடந்த எலும்புக்கூடும் கிடைச்சிருக்கு. சிலதுல காஞ்சு எலும்போட ஒட்டிப்போன தோலோட அச்சு அப்படியே இருக்கு, கால் நாலையும் பரப்பி, குப்புற விழுந்த மாதிரி. மழை பொய்ச்சு, தண்ணி வத்திப்போன எடத்துல, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு.