அகச்சிவப்பா, செந்நிறக்கீழா?

வைஃபையில் இயங்கும் றிமோற் ஒன்றை மலிவாகச் செய்துகொள்வது பற்றித் தமிழில் வரும் விளக்கங்களில், றிமோற் ரீவிக்கு அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு 'அகச்சிவப்பு' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இப்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள். உயர்தரப் பௌதிகவியலில் அவர்கள் படித்தது செந்நிறக்கீழ்க் கதிர். அதை ஏன் கைவிட வேண்டும்?

ஆங்கிலத்தில் இன்ஃப்ராரெட். 'இன்ஃப்ரா' இலத்தீன் சொல். கீழே என்று பொருள். 1800இல் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், வெப்பம் ஏறியது. பெயர் பிற்பாடு வந்தது. பிறப்புக் கதை அவ்வளவுதான்.

இனி 'அகம்'. அகம் என்றால் உள்ளே. இந்தக் கதிர் சிவப்புக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. 'புற ஊதாவுக்குச் சோடி' என்பார்கள். சரி, ஊதாவுக்கு வெளியே இருப்பது புற ஊதா என்றால், சிவப்புக்கு வெளியே இருப்பதும் புறச்சிவப்புத்தானே? வானவில்லைப் பாருங்கள். முதன்மை வில்லில் சிவப்பு வெளிவிளிம்பு, ஊதா உள்விளிம்பு. ஆகவே அகச்சிவப்பு என்கிறார்களே, அது வில்லுக்குப் புறத்தே விழும். புற ஊதாதான் அகத்தே விழும். அகம், புறம் என்றால் தமிழ்க் காதுக்கு இனிக்கும். அந்த இனிப்புக்காகப் பொருளைத் தலைகீழாக்கலாமா?

'அலைநீளம் சிவப்பைவிடக் கூடத்தானே, பிறகெப்படிக் கீழ்?' என்று ஒருவர் மடக்கலாம். றிமோற்றில் இருக்கும் எல்.ஈ.டி. பெரும்பாலும் 940 நனோமீற்றர். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு 700ஐ அண்டி முடிந்துவிடும். அலைநீளம் கூடினால் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அலை என்பது, குறையும். மீடிறனில் அது சிவப்புக்குக் கீழேதான், சொல் சொல்வதும் அதைத்தான்.

இதைப் புரியாமல் மொழிபெயர்ப்பதால் வரும் இன்னொரு பிழை, '38 கிலோஹேட்ஸ் அகச்சிவப்பு அலை'. அந்த 38 கிலோஹேட்ஸ் கதிரின் மீடிறன் அல்ல. றிமோற்றில் உள்ள ஈ.எஸ்.பி. 8266 என்ற சிறிய வைஃபைப் பலகை திரான்சிற்றர் வழியாக எல்.ஈ.டி.யைச் செக்கனுக்கு 38,000 தடவை அணைத்து எரிய வைக்கும் வேகம் அது. ரீவியில் உள்ள வாங்கி (றிசீவர்) அந்தத் துடிப்பைத்தான் தேடும். அறை வெளிச்சத்திலிருந்து கட்டளையைப் பிரித்தறிவது அப்படித்தான். கதிரின் சொந்த மீடிறனோ செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று கோடி கோடி. இரண்டையும் குழப்பி எழுதினால், செய்து பார்க்கும் பிள்ளைக்கு எதை மாற்றுவது, எதை விடுவது என்று எப்படி விளங்கும்? ஆங்கில வரியை இயந்திரத்தில் போட்டு, வந்ததை வாசித்தும் பாராமல் பதிவேற்றுகிறார்கள்.

றிமோற் றிமோற்றாகவே இருக்கட்டும், எல்லாருக்கும் விளங்கும். வைஃபைக்கு அருகலை நல்ல சொல், விரும்பியவர் எழுதலாம். செந்நிறக்கீழ் என்ற சொல் நீளம் என்றால் செங்கீழ்க் கதிர் என்று சுருக்குங்கள், 'அக' மட்டும் வேண்டாம்.