ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

2024ல சம்பா அறுவடை முடிஞ்ச சமயம், மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா என் ஆபீசுக்கு வந்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ரைஸ் மில்லுல வேலை, வயசு 40, பெல்ட்டுல கை மாட்டி வலது கையில கட்டை விரல் மட்டும் மிச்சம், மத்த நாலும் போயிடுச்சு. ஓனர் ஆஸ்பத்திரி செலவ பார்த்துட்டு மேல 1 லட்சம் தர்றேன், இனிமே எந்த பாக்கியும் இல்லன்னு எழுதி குடுங்கன்னு ஸ்டாம்ப் பேப்பர் குடுத்து அனுப்பியிருக்காரு. "இதையாவது தர்றாரே சார்"ன்னாங்க.

நான் ஒரு வெள்ளைத்தாள்ல கணக்கு போட்டேன். மாசக்கூலி 15,000, அதுல 60 சதவீதம் 9,000. 40 வயசுக்கு 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல போட்டிருந்த காரணி 184.17, அதால பெருக்குனா 16,57,530. இது மொத்தமா முடங்கிப்போனவருக்கு. ஒரு கையில நாலு விரல் போனா 50 சதவீதம் இழப்புன்னு அந்த சட்டத்தோட முதல் அட்டவணையில இருந்துச்சு, அதனால பாதி, 8,28,765 ரூபா. ஆஸ்பத்திரி செலவு இதுல சேராது, அது தனி. அந்த அக்கா தாளையே பார்த்துட்டு உக்காந்திருந்தாங்க.

உயிரே போயிட்டா 60க்கு பதிலா 50 சதவீதம், மிச்ச கணக்கு இதேதான். வயசு கூடக்கூட காரணி குறையும், 30க்கு 207.98, 50க்கு 153.09. 2025 நவம்பர்ல அந்த 1923 சட்டத்துக்குப் பதிலா அமலுக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்துலயும் இதே முறைதான் இருக்கு.

எல்லாரும் கோட்டை விடறது சம்பளத்துலதான். மாசம் 20,000 வாங்குனாலும் 15,000 வரைக்கும்தான் கணக்குல எடுப்பாங்க, 2020 ஜனவரிக்கு முன்னாடி அது வெறும் 8,000. ஆனா ஓனர் நோட்டுல 8,000ன்னு எழுதி வெச்சிருந்தா மேல சொன்ன 8,28,765 அப்படியே 4,42,008க்கு இறங்கிடும். இங்க யாருக்கு சம்பள ஸ்லிப் குடுக்குறாங்க சொல்லுங்க, வவுச்சர்ல ஒரு கையெழுத்து, மிச்சம் கையில காசு. அந்த அக்காவோட வீட்டுக்காரரு தினசரி காலண்டர்ல வேலைக்கு போன நாளையும் வாங்குன கூலியையும் பேனாவுல எழுதி வெச்சிருந்தாரு, அது எங்களுக்கு பெரிய சாட்சி. டிராக்டர்ல சேறடிக்கப் போறவங்க, அறுவடை மெஷின் ஓட்டறவங்க மாதிரி ஒரு மாசம்கூட தொடர்ச்சியா வேலை இல்லாதவங்களுக்கு, அதே ஓனர்கிட்ட அதே வேலை பார்த்தவர் என்ன வாங்குனாரோ அத வெச்சு கணக்கு, அப்படி ஆள் இல்லன்னா அதே ஊர்ல அதே வேலை பார்க்குறவரோட கூலி, அதனால பக்கத்து வயல் டிரைவரோட சாட்சியும் உதவும்.

சதவீதம்னா உடம்புல எவ்வளவு போச்சுங்கறது மட்டும் இல்ல, சம்பாதிக்குற சக்தி எவ்வளவு போச்சுங்கறதுதான். 1976ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு தச்சர் கேஸ் வந்துச்சு, போனது இடது கை மட்டும்தான், ஆனா ஒரு கையால தச்சு வேலை செய்ய முடியாதுன்னு முழு முடக்கமாவே எடுத்துக்கிட்டாங்க. டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கப் போறப்ப நீங்க என்ன வேலை பார்த்தீங்கன்னு தெளிவா சொல்லுங்க, பல பேரு சொல்றதே இல்ல.

ஆறிடற காயம்னா 15 நாளைக்கு ஒருதடவை மாசக்கூலில 25 சதவீதம், அதிகபட்சம் 5 வருசம். முதல் 3 நாளுக்கு கிடையாது, 28 நாளோ அதுக்கு மேலயோ இழுத்தா அந்த 3 நாளும் சேரும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) இருக்குறவங்க அங்கதான் போகணும், இந்த கேஸ் போட முடியாது.

"ஆள் குடிச்சிருந்தான்"னு சொல்லியே நிறைய குடும்பத்தை திருப்பி அனுப்பிடறாங்க, எனக்கு ஆத்திரமா வரும். சாவுக்கும் முழு முடக்கத்துக்கும் அந்த வாதம் செல்லாது. ஏற்கனவே கையெழுத்து போட்டுட்டவங்களும் மனசு விட வேணாம், தொழிலாளர் துணை ஆணையர்கிட்ட பதிவு பண்ணாத ஒப்பந்தத்தை காட்டி ஓனர் தப்பிக்க முடியாது. ஒரு மாசத்துக்குள்ள குடுக்கலன்னா 12 சதவீதம் வட்டி, காரணமில்லாம இழுத்தடிச்சா 50 சதவீதம் வரைக்கும் அபராதமும் போடலாம்.

2 வருசத்துக்குள்ள மனு போடணும். திருப்பூர் வேலைக்குப் போய் அடிபட்டு ஊர் திரும்புற நம்ம டெல்டா பசங்க அங்கயே போய் அலைய வேணாம், குடியிருக்குற ஊருக்கு உண்டான ஆணையர்கிட்டயே போடலாம்.