சிவப்புப் புள்ளியை விடுங்கள், நீல விளிம்பைப் பாருங்கள்

போன வாரம் சரிபார்ப்புக்கு வந்தது ஒரு ட்ரஸ்ஸின் (முக்கோணங்களாக இணைத்த எஃகுச் சட்டகம்) கணினி ஆய்வு அறிக்கை, எண்பது பக்கம். அதில் பாதி, ஒரே ஒரு மூலையின் வண்ணப் படங்கள்: தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் நீலம். இந்த ஆண்டில் இது நான்காவது. பொறுமை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

உறுப்புகளை ஒன்றாக இணைக்கும் கஸெட் தகட்டில் வெல்ட் முடியும் கூர்மையான உள்மூலை அது. 10 மி.மீ. மெஷ்ஷில் (கணக்குக்காகக் கணினி தகட்டைப் பிரிக்கும் கட்டங்கள்) தகைவு 230 மெகாபாஸ்கல். 5 மி.மீ. வைத்ததும் 310. 2.5 வைத்ததும் 425. எஃகின் யீல்ட் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 250தான் என்பதால், பதறிப்போய்த் தகட்டைத் தடிமனாக்கிவிட்டார்கள். கேட்டால், "மெஷ் சிறுத்தால் விடை துல்லியமாகும் சார்" என்கிறார்கள்.

இந்த மூலையில் ஆகாது! நேரியல் மீட்சி ஆய்வில் (எஃகு எந்தத் தகைவிலும் இளகாது என்று வைத்துக்கொள்ளும் கணக்கு) கூர்மையான உள்மூலையின் தகைவுக்கு உச்சமே கிடையாது. மெஷ்ஷைப் பாதியாக்கும்போதெல்லாம் எண் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருப்பதைப் பாருங்கள். இன்னும் பாதியாக்கினால் இன்னும் ஏறும். எங்கேயும் நிற்காத எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்? 10 மி.மீ.யோடு நிறுத்தி 230 என்று பார்த்து 'பாஸ்' போட்டிருந்தாலும் அதே தவறுதான். நிஜ எஃகு அந்த இடத்தில் கொஞ்சம் இளகி, சுமையைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். (ஃபட்டீக், அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் விழும் விரிசல், வேறு கணக்கு. வெல்ட் விளிம்பிலிருந்து தகட்டுத் தடிமனில் 0.4 மடங்கு, 1 மடங்கு தள்ளித் தகைவை எடுத்து விளிம்புவரை நீட்டிப் பார்க்க வேண்டும்.)

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு இடம். அதே தகட்டில், அமுக்கம் வாங்கும் சாய்வு உறுப்பை ஒட்டி, பிடிமானம் இல்லாமல் ஒரு நீண்ட விளிம்பு. படத்தில் அது நீலம், அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அமுக்கத்தில் அது பக்கவாட்டில் வளைந்து பிதுங்குமா என்பதை நேரியல் தகைவுப் படம் சொல்லவே சொல்லாது.

அமெரிக்காவில் மினியாபோலிஸின் ஐ-35டபிள்யூ ட்ரஸ் பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று விழுந்து 13 பேர் இறந்தார்கள். யூ10 என்ற கணுவின் (உறுப்புகள் சேரும் இடம்) கஸெட் தகடுகள் அரை அங்குலம்தான், தேவைப்பட்டதில் ஏறக்குறையப் பாதி. 2003இல் எடுத்த புகைப்படங்களிலேயே தகடு வளைந்து தெரிகிறது. பாலத்தின் தாங்குதிறனைக் கணக்கிட்டபோது உறுப்புகளைப் பார்த்தார்கள், தகடுகளைச் சேர்க்கவில்லை.

மாடலைத் திறக்கும் முன் காகிதத்தை எடுங்கள். முதல் போல்ட் வரிசையின் இரு முனைகளிலிருந்தும் வெளிப்பக்கமாக 30 டிகிரியில் கோடு இழுங்கள். கடைசி வரிசையில் கிடைக்கும் அகலத்தைத் தடிமனால் பெருக்கி, உறுப்பின் விசையை அதால் வகுங்கள்; அங்கே தகட்டின் சராசரித் தகைவு கிடைக்கும். ஐந்து நிமிட வேலை. மாடல் இதிலிருந்து வெகுவாக விலகினால் முதலில் மாடலைச் சந்தேகியுங்கள். தாங்கு விசைகளின் கூட்டல் சுமைக்குச் சமமா? உறுப்புகளின் மையக்கோடுகள் வரைபடத்தில் விலகியிருந்தால் மாடலிலும் விலகட்டும், ஒரே புள்ளியில் சேர்த்து அழகு பார்க்காதீர்கள். அமுக்கப் பக்கத் தகட்டுக்கு ஒரு சிறு ஆரம்ப வளைவு கொடுத்து, நேரியலற்ற ஆய்வை (வளைவதும் இளகுவதும் கணக்கில் வருவது) ஓட்டுங்கள். தயவுசெய்து, இந்த ஒன்றையாவது விட்டுவிடாதீர்கள்.

அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீல விளிம்பைப் பென்சிலால் வட்டமிட்டு, "நீளம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.