வடிகால் அகன்றால் தண்ணீர் வடியுமா?

"கொலுசு இறுகுது டாக்டரம்மா. சாயங்காலமானா கழட்ட முடியல" என்றார் அந்த அம்மா. கும்பகோணம் பக்கத்துக் கிராமம், நடவு வேலை. வலது கணுக்காலில் கொலுசின் ஒவ்வொரு கண்ணியும் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. இடது காலில் அந்தத் தடமே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, நிரம்ப வெகுநேரம் ஆனது. விடிந்தால் வீக்கம் வடிந்துவிடுகிறதாம். "அதனால வீட்ல யாரும் நம்பல."

நான் நம்பினேன். கொலுசு இறுகும் நாளுக்கு வெகு முன்பே உள்ளே இருக்கும் மெல்லிய நிணநீர்க் குழாய்களின் அகலம் மாறத் தொடங்கியிருக்கும். மேல்படிப்புக் காலத்தில் அந்த அகலத்தை அளப்பதே எனக்கு வேலையாக இருந்தது.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாசன வாய்க்கால், மிஞ்சியதை வெளியேற்ற வடிகால். ரத்தக் குழாய் முதலாவது, நிணநீர்க் குழாய் இரண்டாவது. நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து சதைக்குள் கசியும் நீரை அள்ளிப்போய் மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது இதுதான். இந்த வடிகாலுக்கு இதயம் போல் தனி பம்பு கிடையாது. குழாயே சிறு சிறு அறைகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அறையும் நிமிடத்துக்குச் சில முறை தானாகச் சுருங்கி விரிகிறது. அறைகளுக்கு நடுவே ஒருவழி வால்வு. நடக்கும்போது கெண்டைக்கால் தசையும் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும்.

ரத்தக் குழாய் விரிந்தால் ஓட்டம் கூடும். நிணநீர்க் குழாய் அளவுக்கு மீறி விரிந்தால் நேர்மாறாக நடக்கும். வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போய், மேலே தள்ளிய நீர் கீழே திரும்பும். கரை சரிந்து அகன்றுபோன வடிகாலில் தண்ணீர் நகராமல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். யானைக்கால் நோயின் தொடக்கமும் இதுதான். சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கொண்டுவரும் புழு நிணநீர்க் குழாய்க்குள் வளர்கிறது. பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், கால் மில்லிமீட்டர் தடிமன். அது உள்ளே குடியிருக்கும் ஆண்டுகளில் குழாய் விரிந்துகொண்டே போகும், கால் மட்டும் வெளியே சாதாரணமாகத் தெரியும். இரவில் வீடு வீடாக ரத்தம் எடுக்க வந்தவர்களைக் கும்பகோணத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்களில் அதிகம் உலவும், அதனால்தான் அந்த நேரம்.

சரி, அகலத்தை எப்படி அளப்பது? முன்பெல்லாம் நுண்ணோக்கியின் கண்ணாடியில் பொறித்த அளவுகோலைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். துடிக்கும் குழாய்க்கு அது போதாது. நொடிக்கு 30 படம் என்றால் ஒரு நிமிட வீடியோவில் 1,800 படங்கள், ஒவ்வொன்றையும் கையால் அளக்க முடியுமா? கணினி இதை அலுக்காமல் செய்கிறது. குழாய்க்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், அந்தக் கோட்டில் வெளிச்சம் சட்டென்று மாறும் இரண்டு இடங்களைச் சுவர் என்று எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள தூரத்தைப் படத்துக்குப் படம் குறிக்கும். திரையில் அலை அலையாக ஒரு வரைபடம் ஓடும். முதல் முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

அந்த அலையில்தான் விஷயம் இருக்கிறது. விரிந்தபோது 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சுருங்கியபோது 60 என்றால், வால்வு சரியாக மூடும் குழாயில் அறையிலிருந்த நீரில் 64 சதவீதம் முன்னே போய்விட்டது. சுருங்கியும் 90 என்றால் 19 சதவீதம்தான். விரிந்த நிலையில் இரண்டும் அதே 100 மைக்ரான். ஒரே ஒரு படத்தை எடுத்து அகலம் இவ்வளவு என்று சொன்னால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

கணினியை அப்படியே நம்பவும் கூடாது. ரத்தக் குழாயில் சிவப்பணுக்கள் நிறைந்திருப்பதால் ஓரம் தெளிவாகத் தெரியும். நிணநீர் கிட்டத்தட்ட நிறமற்றது, சுவரும் மங்கல். ஒருமுறை எலியின் குடல்தாங்கிச் சவ்வில் ஒரு குழாயை அளந்தபோது அகலம் திடீரென்று இரண்டு மடங்கானது. வீடியோவை ஓட்டிப் பார்த்தால், பக்கத்திலிருந்த கொழுப்புச் செல்லின் விளிம்பைச் சுவர் என்று பிடித்திருந்தது. அன்றிலிருந்து வரைபடத்தையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஓர் எண்ணையும் எழுதியதில்லை. சின்னப் பிழைதானே என்று விட முடியாது. ரத்த ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, அதாவது விட்டத்தை நான்கு முறை பெருக்கிய அளவை. விட்டத்தை 10 சதவீதம் கூட்டி அளந்தால் ஓட்டக் கணக்கு 46 சதவீதம் கூடிவிடும்.

இந்தப் பரிசோதனையை நம்மூர் லேபில் போய்க் கேட்காதீர்கள். இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட வேலை. தோலுக்கடியில் சாயம் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் மனிதக் காலின் நிணநீர்த் துடிப்பைப் பார்க்கும் வசதியும் சில பெரிய மையங்களில்தான்.

ஆனால் அந்த அலை கற்றுக்கொடுத்தது இன்றைக்கே உதவும். துடிப்பு தளர்ந்த குழாய்க்குப் பெரிய எதிரி சேற்றுப்புண். விரலிடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைந்து, குளிர்காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறிகட்டலும் வரும். ஒவ்வொரு தடவையும் குழாய் இன்னும் கெடும். வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். படுக்கும்போது காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். யானைக்கால் ஒழிப்பு மாத்திரை கொடுத்தால் கொடுப்பவர் முன்னாலேயே விழுங்குங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, விரலிடுக்குக்குக் களிம்பும் கொடுத்தேன். அப்புறம், நாளுக்கு ஒரு நூல் எடுத்து, காலையிலும் சாயங்காலமும் கணுக்காலில் ஒரே இடத்தில் அதைச் சுற்றி, சுற்றளவு முடியும் இடத்தில் முடிச்சுப் போட்டு வைக்கச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு நூல்களை எடுத்து மேஜையில் நீட்டி வைத்தார். மூன்று நூல்களில் காலை முடிச்சுக்கும் சாயங்கால முடிச்சுக்கும் நடுவே ஒரு விரற்கடை இருந்தது. நாலாவதில் முடிச்சுகள் கிட்டத்தட்ட ஒட்டியிருந்தன.

"அன்னைக்கு நடவுக்குப் போகல" என்றார்.