வட்டி குறைந்தும் ஏன் யாரும் ஆலை கட்டுவதில்லை?

"மத்திய வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது, அரசும் சலுகை தருகிறேன் என்கிறது, அப்புறமும் கம்பெனிகள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பயம், பேராசை என்று பலர் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விளக்கமோ வெறும் கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

ஒரு ஆலை கட்ட 100 கோடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கட்டிவிட்டால் பணம் கான்கிரீட்டாகவும் இயந்திரமாகவும் மாறிவிடும், திரும்ப எடுக்க முடியாது. இறக்குமதி வரி பற்றி அரசு அடுத்த ஆண்டுதான் முடிவெடுக்கும். சாதகமாக வந்தால் ஆலையின் மதிப்பு 160 கோடி, பாதகமாக வந்தால் 60 கோடி. இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. சராசரி 110, ஆக லாபம் 10 கோடி. சரி, கட்டலாம்தானே?

ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள். நல்ல முடிவு வந்தால் மட்டும் கட்டுவோம், 60 கோடி லாபம். மோசமாக வந்தால் கட்டவே மாட்டோம், நஷ்டம் பூஜ்யம். சராசரி 30 கோடி! அந்த ஓராண்டில் கைவிட்டுப்போகும் வருமானத்தைக் கழித்தாலும் பொறுத்தவர்தான் ஜெயிக்கிறார். யாருக்கும் நம்பிக்கை போகவில்லை, கெட்ட செய்தி எதுவும் வரவில்லை, ஆனாலும் ஆலை எழவில்லை. என்னை இன்றைக்கும் வியக்க வைப்பது இதுதான். வட்டியை ஒரு சதவீதம் குறைத்தால் ஆண்டுக்கு ஒரு கோடி மிச்சமாகும், ஆனால் அந்த மலிவான கடன் அடுத்த வருடமும் கிடைக்கும் என்றால் இன்றே ஓட என்ன அவசரம்?

இந்தத் தர்க்கத்தை 1983-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் பென் பெர்னான்கி. 2008 நெருக்கடியின்போது அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் நாற்காலியில் இருந்ததும் அவரேதான்.

அரசும் சும்மா இருப்பதில்லை. முதலீடு தள்ளிப்போனால் வரி வசூல் குறையும், வசூல் குறைந்தால் வரி விகிதத்தை மாற்றலாமா என்று யோசிக்கும், அந்த யோசனை வெளியே கசிந்ததும் கம்பெனிகள் இன்னும் கொஞ்சம் பொறுக்கும். இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே நாள் போகும்.

இதை உடைக்க எல்லா நேரமும் பணம் கொட்ட வேண்டியதில்லை. நம் கணக்கில் அந்த 60-ஐ மட்டும் 100 ஆக்குங்கள், அதாவது நிலைமை எவ்வளவு மோசமானாலும் போட்ட பணம் போகாது என்று அரசு உறுதி தரட்டும். இன்று கட்டினாலும் 30, பொறுத்துக் கட்டினாலும் 30. ஒரு வருட வருமானத்தை இழப்பானேன் என்று உடனே அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மரியோ டிராகி யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்றார், செப்டம்பரில் அதற்காக, கடன் நெருக்கடியில் சிக்கிய நாடுகளின் அரசுக் கடன்பத்திரங்களை வாங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் கீழ் ஒரு பத்திரம்கூட வாங்கப்படவில்லை, ஆனாலும் ஸ்பெயினும் இத்தாலியும் கடனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த வட்டி இறங்கியது. மோசமான முனையை வெட்டியதற்கே அவ்வளவு பலன்.

என் கருத்து, மோசமான வரியைக்கூட இன்றே அறிவித்துவிடலாம், பணம் வேறு வழி பார்த்துப் போய்விடும். "பரிசீலனையில் உள்ளது" என்று தேதி இல்லாமல் இழுப்பதுதான் பணத்தை முடக்கிப் போடுகிறது. அப்புறம், சிக்கனம் என்று வந்தால் புள்ளிவிவரத் துறையின் நிதியில் முதலில் கை வைக்கும் அரசுகள் மீது எனக்குக் கோபமே உண்டு. விலைவாசியும் வேலைவாய்ப்பும் எப்படி இருக்கிறது என்ற கணக்கு தாமதமாக வந்தால், அத்தனை மாதங்களும் அரசும் கம்பெனிகளும் சேர்ந்தே இருட்டில் காத்திருக்கின்றன.