ஒரே கண்ணியில் நிற்கும் சால்வை

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே கற்க வருகிறவரிடம் எல்லோரும் சொல்வது இதுதான்: முதலில் ஒரு மஃப்ளர் போடு, கை பழகட்டும், லேஸ் சால்வையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நெருக்கமாகப் போடும் மஃப்ளரில் கை கொஞ்சம் இறுகினாலும் தளர்ந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ஓரம் உள்ளே இழுக்கும், இன்னொரு ஓரம் அலையாக நெளியும். விக்டோரியா காலத்துப் பாணியில் ஓட்டை ஓட்டையாகப் போடும் முக்கோணச் சால்வை பார்வைக்குத்தான் மிரட்டும். போட உட்கார்ந்தால் புதியவரை அது நிறையவே மன்னிக்கிறது.

இரண்டு ஊசிகளை வைத்து ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் வரிசைகட்டி நிற்கும். ஊசி நழுவினால் அத்தனையும் அவிழக் காத்திருக்கும். குரோஷே அப்படியில்லை. கொக்கி வைத்த ஒரே ஊசி. நூலைச் சுற்றி, ஏற்கெனவே போட்ட இடத்தில் நுழைத்து, இழுத்து, ஊசியில் இருக்கும் கண்ணிகளின் வழியாகவே வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு பின்னல் முடியும்போதும் ஊசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணி. கீழே இருப்பதெல்லாம் முடிந்த கதை. தப்பாகப் போய்விட்டதா? ஊசியை உருவி நூலை இழுங்கள், வேண்டிய இடம்வரை அவிழ்ந்து வரும். தொடக்கத்தில் போடுவது, இழுத்தால் அவிழ்ந்துவிடும் உருவு சுருக்கு; கடைசியில் நூல் நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் இழுத்து இறுக்குகிறோம். இடையில் ஒரு முடிச்சுகூடக் கிடையாது.

முடிச்சே இல்லாமல் எது தாங்குகிறது? உராய்வு. துறைமுகத்தில் படகுக் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு தூணைச் சுற்றும் கோணம் கூடக் கூட, பிடிமானம் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் ஆறரை மடங்கு இழுவையைத் தாங்கலாம். இரண்டு சுற்றுக்கு நாற்பது மடங்குக்கு மேல். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்குச் சூத்திரம் எழுதினார். சால்வையின் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியை வளைத்துச் சுற்றிப் பிடிப்பது இதே விதிப்படிதான். இடது கையில் நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, ஆள்காட்டி விரல் மேல் விடச் சொல்வதும் இதற்காகவே. விரல் சற்று அழுத்தினாலே இழுவை நன்றாகக் கூடிவிடும். பலம் தேவையில்லை, சுற்றுதான் தேவை. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருப்பதால் அதில் பிடிமானம் இன்னும் கூடுதல். வழவழப்பான பட்டு நூலையும் விஸ்கோஸையும் முதல் வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

குரோஷேயில் எந்த இடத்திலும், எந்தத் திசையிலும் ஊசியை நுழைக்கலாம் என்பதால் இயந்திரத்துக்கு இது பெரிய தலைவலி. கடையில் ‘குரோஷே’ என்று விற்கும் இயந்திரத் துணிகள் பெரும்பாலும் வார்ப் நிட்டிங் வகை, அதாவது நெடுக்காக ஓடும் பல நூல்களை இயந்திரம் ஒன்றோடொன்று கோக்கும் பின்னல். தூரத்திலிருந்து பார்த்தால் அதே தோற்றம், அவ்வளவுதான். ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் ஆய்வாளர்கள் நிஜக் குரோஷே போடும் இயந்திரத்தின் முன்மாதிரியைச் செய்திருக்கிறார்கள். ஆனால் கடைக்கு வருகிற நிஜக் குரோஷே இன்னும் கைவேலைதான்.

கைவேலை என்றாலும், தையலூசியால் இழை இழையாகக் கட்டும் வெனிஸ் லேஸைவிட இது பலமடங்கு வேகம். அந்த வேகம்தான் அயர்லாந்தில் சோறு போட்டது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பஞ்சம் வந்தபோது, கார்க் நகரப் பக்கம் கன்னியாஸ்திரீகளும், மோனகன் மாவட்டத்தின் குளோன்ஸ் ஊரில் போதகரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்டும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே லேஸ் கற்றுக்கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். விக்டோரியா ராணியே வயதான காலத்தில் எட்டு ஸ்கார்ஃபுகள் குரோஷேயில் போட்டு, தென்னாப்பிரிக்கப் போரிலிருந்த வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். நம் பக்கத்தில் பார்த்தால், ஆந்திராவில் கோதாவரிக் கரையின் நரசாபூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குரோஷே லேஸ் போடும் பெண்கள் இன்றும் உண்டு. கூலிதான் வேலைக்கேற்றபடி வந்ததில்லை.

சரி, ஊசியை எடுப்போம். 100 கிராமுக்கு 400 மீட்டர் நீளம் வரும் மெல்லிய கம்பளி நூல், 4.5 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசி. லேபிளில் போட்டிருப்பதைவிடப் பெரிய ஊசி வேண்டும், அப்போதுதான் லேஸ் மூச்சுவிடும். அமெரிக்கக் குறிப்பில் ‘டபுள்’ என்பது பிரிட்டிஷ் குறிப்பில் ‘ட்ரெபிள்’. நான் இங்கே அமெரிக்க வழக்கில் எழுதுகிறேன். செயின் என்றால் ஊசியிலுள்ள கண்ணி வழியே நூலை ஒருமுறை இழுப்பது. டபுள் என்றால் ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றி நுழைத்து, நூலை வெளியே இழுத்து, பிறகு இரண்டிரண்டு கண்ணிகளாக இருமுறை இழுத்து முடிக்கும் உயரமான பின்னல்.

நான்கு செயின் போட்டு வளையமாக்குங்கள். வளையத்துக்குள் 4 செயின் (இது ஒரு டபுள், ஒரு செயினுக்குச் சமம்), 3 டபுள், 2 செயின், 3 டபுள், 1 செயின், 1 டபுள். திருப்புங்கள். மறுபடி 4 செயின். முதல் இடைவெளியில் 3 டபுள், 1 செயின். நடு இடைவெளியில் 3 டபுள், 2 செயின், 3 டபுள். மறுபடி 1 செயின். கடைசி இடைவெளியில் 3 டபுள், 1 செயின், ஓரத்தில் 1 டபுள். மூன்று டபுள் சேர்ந்தது ஒரு கொத்து. முதல் வரிசையில் இரண்டு கொத்து இருந்தது, இப்போது நான்கு. அடுத்ததில் ஆறு, அதற்கடுத்து எட்டு. மொத்தச் சால்வைக்கும் குறிப்பு இதற்குமேல் இல்லை.

ஏன் வரிசைக்குச் சரியாக இரண்டு கொத்து? வட்டத்திலிருந்து தொடங்கினால் புரியும். ஒரு டபுள் குரோஷேயின் உயரம் அதன் அகலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகப் போடும்போது ஒரு சுற்றுக்கு ஆரம் இரண்டு பின்னல் அகலம் கூடுகிறது. சுற்றளவு அதன் 6.28 மடங்கு, அதாவது பன்னிரண்டரைப் பின்னல் கூட வேண்டும். வட்ட மேசைவிரிப்புக் குறிப்புகளில் ‘சுற்றுக்கு 12 கூட்டவும்’ என்று இருப்பது இதனால்தான். உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றான சிங்கிள் குரோஷேக்கு அது 6.

முக்கோணச் சால்வை பிடரியில் தொடங்கி, நடுமுதுகுக் கோட்டின் இருபுறமும் இரண்டு செங்கோண முக்கோணங்களாக வளர்கிறது. தொடங்கிய புள்ளியிலிருந்து ஒரு வரிசை எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதைப்போல இரு மடங்கு நீளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேண்டும். இரு பக்கமும் சேர்ந்தால் நான்கு மடங்கு. வரிசைக்கு இரண்டு பின்னல் அகலம் தள்ளிப்போகிறோம் என்றால் கூட்ட வேண்டியது எட்டு. ஒரு கொத்தின் 3 டபுளும் அதையடுத்த 1 செயினும் சேர்ந்தால் நான்கு. இரண்டு கொத்து எட்டு! இந்தக் குறிப்பை முதலில் போட்ட பெண்மணி டேன் 45 டிகிரி எல்லாம் பார்த்திருக்க மாட்டார். துணி சுருங்காமல் நெளியாமல் வரும்வரை போட்டுப் போட்டு வந்த விடை அது.

கூட்டல் குறைந்தால் துணி கிண்ணமாகக் குழியும், மிஞ்சினால் ஓரம் கொசுவம் வைக்கும். அந்தக் கொசுவத்தையே வேண்டுமென்று வளர்த்தவர் லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினா. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் அதிபரவளையத் தளத்தை, அதாவது விரிய விரிய ஓரம் மிஞ்சி நெளியும் கணித வடிவத்தை, குரோஷேயில் போட்டு மாணவர்கள் கையில் கொடுத்தார். காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் கிழிந்துபோகும், நூல் கிழியாது.

புதியவரை மன்னிக்கும் குணம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஊசி நுழைவது பின்னலின் தலையில் இருக்கும் சின்னக் கண்ணியில் அல்ல, கொத்துகளுக்கு நடுவே இருக்கும் பெரிய சந்தில். குறி தப்ப வழியில்லை. இன்னொன்று, முடித்த பிறகு வரும் தண்ணீர்.

ஊசியிலிருந்து இறங்கும் லேஸ் கசங்கிய கந்தலாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள். நம் தலைமுடியும் கம்பளியும் ஒரே கெரட்டின் புரதம். ஈரத் தலையை வாரி அப்படியே காயவிட்டால் வகிடு நிற்பது எப்படியோ அதேதான் இங்கும். தண்ணீர் புகுந்ததும் புரதச் சங்கிலிகளுக்கு இடையேயான ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடுகின்றன; இழுத்துப் பிடித்த நிலையில் காய்ந்தால், அந்த நிலையிலேயே புதுப் பிணைப்புகள் உருவாகின்றன. எனவே வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, பாய் மேலோ மெத்தை மேலோ விரித்து, மேல்விளிம்பை நேராக இழுத்துக் குண்டூசி குத்துங்கள். நடுமுனையைக் கீழே இழுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே ஊசிகளை எடுக்க வேண்டும். இறுகிய கொத்தும் தளர்ந்த கொத்தும் இந்த இழுப்பில் நூலைப் பங்கிட்டுச் சமமாகிவிடும். நெருக்கமான மஃப்ளரில் இப்படி இழுக்க இடமே இருக்காது.

இவ்வளவு ஓட்டை வைத்துக்கொண்டு குளிர் தாங்குமா என்று கேட்பார்கள். காற்று வீசும் இடத்தில் தாங்காது. மேலே ஒரு கோட் போட்டாலோ அறைக்குள் இருந்தாலோ தாங்கும், ஏனென்றால் வெப்பத்தைத் தடுப்பது கம்பளிச் சுருள்களுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று.

அடுத்த முறை துவைத்தால் இந்த வடிவம் போய்விடும், மறுபடி குண்டூசி குத்தத்தான் வேண்டும். அக்ரிலிக் நூலுக்கு இந்தத் தண்ணீர் வித்தை பலிக்காது. அது பிளாஸ்டிக், சூட்டுக்குத்தான் இளகும். இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் பிடித்து ஆவி காட்டினால் வடிவம் நிலைக்கும். ஆனால் சூடு மிஞ்சினால் துணி தொளதொளவென்று ஆகிவிடும், அதைத் திரும்ப மீட்க முடியாது. எந்த நூலானாலும் ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள். தன் எடையிலேயே லேஸ் நீண்டுவிடும். மடித்து வையுங்கள்.