கசிவதற்காக வெட்டப்பட்ட வாய்க்கால்கள்

தென் ஸ்பெயினின் கிரனாடா மாகாணத்தில், சியெர்ரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில் பொக்கெய்ரா என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயரமான சிகரமான முலாசென் (3,479 மீட்டர்) அதன் தலைமாட்டில் நிற்க, பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்ற, வெள்ளையடித்த வீடுகள் கொண்ட மூன்று ஊர்கள் கீழிருந்து மேலாகச் சரிவில் அமைந்துள்ளன. இவ்வூர்களிலிருந்து மலைமேல் செல்லும் நடைபாதைகளில் ஒரு விநோதம் உண்டு. கோவேறு கழுதைகளுக்காகக் கல் பாவிய பழைய பாதை மூச்சு வாங்கும்படி வளைந்து வளைந்து ஏறும். திடீரென்று ஓரிடத்தில் ஏற்றம் நின்றுபோய், மலையின் விலாவை ஒட்டி வெகுதூரம் ஏறக்குறையச் சமதளமாகச் செல்லும். அப்படிச் சமதளமாகச் செல்லும் இடங்களில் பெரும்பாலும் பாதையின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது முன்பு ஓடிய தடமாவது தெரியும்.

வாய்க்கால் முதலில் வந்தது. பாதை அதற்குப் பின்னால் வந்தது. மலை ஓடையின் தண்ணீரைத் திருப்பி நெடுந்தொலைவு கொண்டுசெல்ல வேண்டுமானால், வாட்டம், அதாவது தரையின் சாய்வு, மிகக் குறைவாக இருக்க வேண்டும். வாட்டம் கூடினால் ஓட்டத்தின் வேகம் கரையை அரித்துவிடும். அளவுக்கு மீறிக் குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும். எனவே அதை வெட்டியவர்கள் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து வெளிவந்து, ஒரே உயரத்தை விடாமல் பற்றிக்கொண்டு போனார்கள். உடைப்பு எடுக்கிறதா என்று பார்க்கவும், வசந்தகாலத்தில் தூர் வாரவும் ஆள் நடந்தாக வேண்டும் என்பதால், தோண்டிய மண்ணையும் கல்லையும் பள்ளப்புறத்தில் குவித்து ஒரு கரை அமைத்தார்கள். இன்று முதுகுப்பையோடு வருபவர்கள் நடப்பது அந்தப் பராமரிப்புக் கரையின் மேல்தான்.

இதுவரை சொன்னது உலகின் பல மலைநாடுகளுக்கும் பொருந்தும். பொக்கெய்ரா உள்ளிட்ட அல்புஹார்ரா வட்டாரத்தின் தனித்தன்மை வேறு. அங்குள்ள வாய்க்கால்கள் இரண்டு வகை. ஒன்று, வயலுக்கும் தோட்டத்துக்கும் நேரே நீர் கொண்டுபோகும் பாசன வாய்க்கால். மற்றொன்று, ‘கரேயோ’ வாய்க்கால் எனப்படுவது. இது பெரும்பாலும் மிக உயரத்தில் ஓடுகிறது, எந்த வயலுக்கும் போய்ச் சேருவதில்லை. தண்ணீரை மலைக்குள் இறக்கிவிடுவதே அதன் வேலை. கசிவு என்பது வாய்க்காலின் குறைபாடு என்று பொறியியல் பாடம் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இதன் தேவை அந்த மலையின் தட்பவெப்பத்திலிருந்து வருகிறது. மத்தியதரைப் பருவநிலையில் மழையும் பனியும் குளிர்காலத்தில் விழுகின்றன. பயிருக்கு நீர் வேண்டிய கோடையிலோ வானம் ஏறக்குறைய முற்றிலும் வறண்டுவிடுகிறது. உச்சியில் உறைந்து கிடக்கும் பனி ஓர் இயற்கை நீர்த்தேக்கம்தான் என்றாலும், வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து அது வேகமாக உருகித் தீர்ந்துவிடும். சரிவு செங்குத்தானது, கடல் அருகிலிருப்பது; அப்படியே விட்டால் உருகுநீர் பொக்கெய்ரா ஆற்றில் இறங்கி, குவாதல்ஃபெயோ ஆற்றில் கலந்து, கோடை தொடங்கும் முன்பே மத்தியதரைக் கடலுக்குப் போய்விடும். ஆகவே கேள்வி நீரின் அளவைப் பற்றியது மட்டுமன்று. அது சரிவில் எத்தனை நாள் தங்கும் என்பதைப் பற்றியது.

தங்கவைக்கும் வேலையைப் பாறை செய்கிறது. இம்மலையின் உடல் பெரும்பாலும் அபிரகம் கலந்த தகட்டுப் பாறையால் ஆனது; உடைத்துப் பார்த்தால் வெள்ளித்தூள் தூவியது போல மின்னும், தகடு தகடாகப் பிரியும். புதிய பாறைக்குள் நீர் அநேகமாகப் புகாது. ஆனால் பனியும் வெயிலும் மாறிமாறித் தாக்கியதில் அதன் மேற்பகுதி நொறுங்கி, விரிசல்களும் சில்லுகளும் மண்ணும் கலந்த ஒரு போர்வையாகச் சரிவெங்கும் படர்ந்திருக்கிறது. இந்தப் போர்வையில் நீர் எளிதில் இறங்கும்; அடியிலுள்ள கெட்டிப் பாறையில் முட்டியதும் திரும்பி, சரிவின் போக்கிலேயே கீழ்நோக்கி நகரும். ஓடையில் சில மணி நேரத்தில் கடந்துவிடும் தொலைவை, இந்தச் சில்லுகளின் இடுக்குகளில் கடக்க அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகின்றன. பின்னர், போர்வை மெலிந்து கெட்டிப் பாறை மேலே தலைகாட்டும் இடங்களில், ஊர்களுக்கும் வயல்களுக்கும் பக்கத்தில், ஊற்றாக வெளிப்படுகிறது. மே மாதத்தில் உள்ளே விட்ட நீரின் ஒரு பகுதி நடுக்கோடையில் கீழே கிடைப்பது இவ்வாறுதான்.

மலையின் எந்த இடமும் நீரை ஒரே அளவில் குடிப்பதில்லை என்பதால், விடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பரம்பரை அனுபவம் இருக்கிறது. வாய்க்காலின் தரை நெடுகிலும் கசிகிறது. அதோடு, நன்றாக உறிஞ்சும் என்று தலைமுறைகளாகத் தெரிந்த மேடுகளிலும் பள்ளங்களிலும் கரையைத் திறந்து நீரைப் புல்வெளிமேல் பரவவிடுகிறார்கள். அசெக்கியேரோ எனப்படும் நீர்ப்பாய்ச்சியின் கருவிகள் ஒரு மண்வெட்டியும் கண்ணெதிரே கிடைப்பவையும்தான்: புல் வேரோடு பெயர்த்த மண்கட்டியைக் கல்லோடு சேர்த்து அழுத்தினால் மடை அடைபடும், உருவினால் திறக்கும். பனி உருகுவது பகல் வெயிலில் என்பதால் ஓட்டம் நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். மதியம் உருகியது கீழ்ப்பகுதிக்கு வந்துசேர மாலையாகலாம். அதற்கேற்ப மடைகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கோடை பிறந்ததும் கரேயோவை நிறுத்திவிட்டு, ஓடைநீரைப் பாசனக்காரர்களின் முறைக்கு விட்டுவிடுவார்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இவ்வூர் வீடுகளின் தட்டைக் கூரைகளில் மழைநீர் இறங்காமல் தடுக்க ‘லவுனா’ என்ற சாம்பல்நிறக் களிமண்ணைப் பரப்புகிறார்கள். அதுவும் இந்த மலைகளின் தகட்டுப் பாறைகள் சிதைந்து உண்டானதுதான். ஒரு சிதைவு நீரை உள்ளே விடுகிறது, மற்றொரு சிதைவு வெளியே நிறுத்துகிறது. இரண்டையும் பிரித்தறிந்து பயன்படுத்திய மக்களின் கண் கூர்மையானது.

கசிவின் விளைவைக் காண நடப்பவர் எந்தக் கருவியும் கொண்டுவர வேண்டியதில்லை. வாய்க்காலுக்கு மேற்புறச் சரிவில் முள்புதரும் காய்ந்த புல்லும் இருக்கும். கீழ்ப்புறத்தில் செஸ்நட் மரங்களும் பச்சைப் புல்லும் நிற்கும். அந்த வேர்கள் சரிவின் மண்ணைப் பிணைப்பதால் பாதையும் நிலைக்கிறது. வாய்க்கால் கைவிடப்பட்ட இடங்களில் மரங்கள் பட்டுப்போகின்றன. தூர்ந்த தடத்தில் மழைநீர் கண்டபடி பாய்ந்து கரையை உடைத்து, நடைபாதையையும் கூடவே இழுத்துச் செல்கிறது.

இந்த வலைப்பின்னல் இஸ்லாமிய ஆட்சிக்காலத்தில் உருவானது. 1568இல் எழுந்த, மொரிஸ்கோக்கள் எனப்பட்ட, கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு அவர்கள் வெளியேற்றப்பட்டபோது, வடக்கிலிருந்து குடியேறியவர்களுக்கு நீர்முறையைக் கற்றுத்தர ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்கள் நிறுத்தப்பட்டதாக அங்கே சொல்வார்கள். கடந்த நூற்றாண்டில் வந்த ஆபத்து வேறு வகையானது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போனதில் தூர்வார ஆளில்லாமல் பல வாய்க்கால்கள் மூடிப்போயின. வேறு சில, ‘நீர் வீணாகிறது’ என்ற கணக்கில் சிமெண்டு பூசப்பட்டன அல்லது குழாய்க்குள் அடைக்கப்பட்டன. நீரை நுழைவாயிலிலும் கடைமடையிலும் மட்டும் அளந்தால் அந்தக் கணக்கு சரிதான். நடுவில் மலை குடித்ததையும், அது பின்னர் ஊற்றாகத் திருப்பித் தந்ததையும் சேர்த்தால் பொருந்தாது. கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊர் மக்களோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து பழைய வாய்க்கால்களை மீட்டுவருகிறார்கள். பக்கத்து மலைச்சரிவில் உள்ள காஞார் ஊரின் பார்ஹாஸ் வாய்க்கால் அவற்றில் ஒன்று.

நடக்க விரும்புவோருக்குப் பாதைக் குறிகள் எளிமையானவை. வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு இருந்தால் நெடுந்தொலைவுப் பாதை, மஞ்சள் என்றால் குறுந்தொலைவு, பச்சை என்றால் உள்ளூர்ப் பாதை. பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டிருந்தால் அது தவறான வழி. அல்புஹார்ராவின் குறுக்கே செல்லும் ஜி.ஆர். 7 என்ற நெடும்பாதையும் இப்பள்ளத்தாக்கின் ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. கரேயோ நடப்பதைக் காண வேண்டுமானால் மே மாதமோ ஜூன் தொடக்கமோ போக வேண்டும். அப்போது கரை ஊறி இளகியிருக்கும் என்பதால் விளிம்பில் கால் வைக்காமல் நடப்பது நல்லது. மடையில் செருகியிருக்கும் கல்லையும் மண்கட்டியையும் தற்செயலாகக் கிடப்பவை என்று எண்ணி நகர்த்திவிடவும் கூடாது.